ஒரு பக்கம் இரண்டு ரூபாய்

எங்கள் பூத்தில் பதினொன்று.
எண்ணால் இருந்ததை எழுத்தோடு ஒத்துப் பார்த்தேன்.
பதினொன்றுதான்.
போன தடவை நானூற்று முப்பத்தாறு.

மறுநாள் கோத்தகிரி மார்க்கெட்டில்
என் ஜெராக்ஸ் கடை ஷட்டரைப் பாதி தூக்குவதற்குள்
பதினேழு பேர் வந்து சொல்லிவிட்டார்கள்
"நான் நமக்குத்தான் போட்டேன்" என்று.
சாயங்காலம் அது நாற்பதைத் தாண்டியது.
எல்லோருக்கும் டீ சொன்னேன்.
தோற்ற கட்சிக்கு
டீக்கடைப் பாக்கி மட்டும் குறைவதில்லை.

ஊட்டியில் ஆய்வுக் கூட்டம்.
சென்னையிலிருந்து வந்தவர்
மஃப்ளருக்குள்ளிருந்து பேசினார்.
பணம் என்றார், கூட்டணி என்றார்,
துரோகம் என்றபோது மூன்றாம் வரிசையைப் பார்த்தார்.
கடைசியாக, மலைக்கென்றே
யோசித்து வைத்திருந்ததை எடுத்தார்:
"தேயிலையைக் கவாத்து பண்ணுவதில்லையா?
இது கவாத்து. துளிர்ப்போம்."
கைதட்டினோம், நானும்தான்.
உள்ளங்கை கொஞ்சம் சூடானது.

பின்வரிசையில் செபமாலை எழுந்தாள்.
எஸ்டேட் லைன் பொறுப்பாளர்;
அழைப்பிதழில் எப்போதும் விட்டுப்போகும் பெயர்.
"கத்தி யாரு கையில இருந்துச்சுங்க?
செடி தன்னைத்தானே வெட்டிக்காது.
வெட்டுனது நாங்க.
நானும் போடலைங்க, நம்ம சின்னத்துக்கு."

மைக் ஒருமுறை கீச்சிட்டது.
உணவு இடைவேளை என்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் இடம் இருந்தது.
தொட்டபெட்டா பிரிவு தாண்டி மூடுபனி.
கண்ணாடியில் எதுவும் தெரியாததால்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதாயிற்று.
ஏன் என்று கேட்டேன்.
"மனு குடுத்தேன்ணே. மூணு தடவ.
உங்க கடையிலதான் ஜெராக்ஸ் எடுத்தேன்."

மூன்று பக்கம், ஆறு ரூபாய்.
சில்லறை ஞாபகம் இருந்தது.

அன்றிரவு ஷட்டரை உள்ளே இறக்கிக்கொண்டு
மெஷினுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்தேன்.
கோணலாய் விழுந்தவை, பாதி கறுத்தவை,
வடை மடிக்கப் பக்கத்துக் கடைக்குப் போக வேண்டியவை.
பள்ளிக்கூடத் தடத்தில் கரடி, ஒரு விளக்கு போதும்.
ஐந்தரை மணி பஸ்ஸை ஏன் நிறுத்தினீர்கள்.
விதவைப் பணம் எட்டு மாதமாய்.
பதினாலு வீட்டுக்கு ரெண்டு கக்கூஸ், ஒன்றுக்குக் கதவில்லை.
தேதிகளைப் பார்த்தேன்: நம் ஆட்சி.
பெறுநரைப் பார்த்தேன்: நம் ஆள்.
எதிர்க்கட்சி எங்களைப் பற்றிச் சொன்னதெல்லாம்
இவ்வளவு தெளிவான கையெழுத்தில் இல்லை.

லைனுக்கு வருகிறேன் என்றதும்
செபமாலை ஒரே நிபந்தனை போட்டாள்:
"கரை வேட்டி வேணாம்ணே."
சிரித்துவிட்டு, "வேற கட்டிக்கிட்டு வாங்க" என்றாள்.

யாரும் நாற்காலி போடவில்லை.
அதுவும் நல்லதுதான், நின்றால் கதவில்லாதது தெரிகிறது.

ஹட்டிப் பக்கம் போஜன் வேறு மாதிரி.
"கூட்டம் போடாதே.
இலை எடைபோடும் இடத்தில் வந்து நில்.
ஈரம் என்று மூட்டைக்கு மூன்று கிலோ கழிக்கிறான்,
மழையே இல்லாத மாதத்திலும்."
புதனும் சனியும் போய் நின்றேன்.
வாயைத் திறக்கவில்லை, ஒரு நோட்டில் எழுதினேன்.
ஐந்தாவது வாரம் முள் நேரானது, ஏறக்குறைய.
யாரும் நன்றி சொல்லவில்லை.
"எலெக்‌ஷன் வருதா?" என்று கேட்டார்கள்.
இல்லை என்றேன்.
"அப்புறம் எதுக்கு நிக்கிற?"
இருபத்திரண்டு வருஷம் மேடை பார்த்தவன்,
பதில் வரவில்லை.

கிளைக் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள்.
பதினொன்றைவிடக் குறைவு.
ஆனால் ஒன்பதும் கண்ணுக்குத் தெரிந்த ஆட்கள்.
செபமாலை வரவில்லை.
கதவு இன்னும் வரவில்லை.

நேற்று நான்காவது மனுவோடு வந்தாள்.
பச்சைப் பொத்தானை அழுத்தும் முன் படித்தேன்,
முழுதும், அவள் பார்க்கும்படியே.
"தாமதித்து விட்டீர்கள்" என்று ஒரு வரி இருந்தது,
அதிகாரிக்கு.

இரண்டு ரூபாய் நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.
கட்சிக்காரன் சும்மா கொடுத்தால்
சந்தேகப்படுவாள்.