கடைசிப் பூச்சு

ஆனி மழை விட்ட மறுநாள்
அண்டியாபீஸ் கேட்டில் பூட்டு.
கப்பல் வரவில்லையாம், பச்சை அண்டி இல்லையாம்.
ஓண போனஸில் பாதியைக் கையில் எண்ணிவைத்தார்கள்.
அதற்கு ஆறு வெடைக்கோழி வாங்கினேன்,
வேனில் வந்த பல்லடத்துக்காரனிடம்.
முட்டை தவிட்டு நிறம் என்று
கூண்டைத் தொட்டுச் சத்தியம் செய்தான்.

புரட்டாசி கடைசியில்
ஒருத்திக்குக் கொண்டை சிவந்தது.
கை நீட்டினால் ஓடுகிறவள்
முதுகைத் தாழ்த்தி
சிறகை விரித்துக் குந்தினாள்.

ஐப்பசி முதல் செவ்வாய்,
விறகுக்குப் பின்னால் ஒரு முட்டை.
நாரத்தம்பிஞ்சு அளவுதான்.
ஆனால் நிறம்
கருப்பட்டி, புதுசாய் உடைத்த கருப்பட்டி.
ஒரு ஓரமாய் ரத்தக்கோடு, தலைமுடி கனத்தில்.

பிறகு ஒவ்வொருத்தியாய்.
ஒன்று சந்தனம்.
ஒன்றில் கிராம்புத்தூள் தெறித்திருந்தது.
இன்னொருத்தி ஓடில்லாமல் தோலோடு போட்டுவிட்டு
அதைப் பார்த்து அவளே பயந்து கத்தினாள்.
இடி விழுந்த இரவுக்கு அடுத்த நாள் கிடைத்தது
சுண்ணாம்பு படிந்து, உள்ளே கொஞ்சம் ஊதா.
பழைய கூலிச்சீட்டுகளின் முதுகில்
தேதி போட்டு நிறத்தை மட்டும் எழுதினேன்.
எதற்கென்று கேட்டால் தெரியாது.

கார்த்திகையில் மரநாய் வந்தது.
கருப்பட்டிக்காரியின் கழுத்தை மட்டும் கடித்து
போட்டுவிட்டுப் போயிருந்தது.
அறுத்துக் கழுவினேன், வேறென்ன செய்ய.
வயிற்றுக்குள் மஞ்சள் உருண்டைகள்,
பெரிசிலிருந்து கடுகுவரை வரிசையாய்,
வரப்போகிற நாட்கள் எல்லாம்.
வாசலை ஒட்டி ஒரு முழு முட்டை,
ஓடு கட்டி, தட்டினால் சத்தம் கேட்கும்.
வெள்ளை.
சட்டி அடுப்பில் காய்ந்துகொண்டிருக்க
அதைக் கையில் வைத்து நின்றேன்.
இன்னும் ரெண்டு மணிக்கூர் அவளை விட்டிருந்தால்
பூசி முடித்திருப்பாள்.

கருங்கல் சந்தையில் றசாலம் கடை.
வெள்ளைக்கு ஆறு ரூபாய், நாட்டுக்குப் பன்னிரண்டு.
பத்து கொண்டுபோனேன்,
ஒன்றில் சூடுகூட ஆறவில்லை.
அதைத்தான் எடுத்தார்.
பெருவிரலை நாக்கில் தொட்டு
ஒரு தேய்ப்பு.
தவிட்டு நிறம் விரலில் வந்தது.

'தேயிலத் தண்ணியில முக்கினியோ?'

மீன் வாங்க நின்றவர்கள் திரும்பினார்கள்.
'கோழி பூசினதாக்கும்.
கடைசீலதான் பூசும். காயல்ல' என்றேன்.
'கேட்டியளா, கோழி பெயிண்டடிக்குதாம்!'
முட்டையைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன்.
அவர் சிரிப்பை நிறுத்தி
என் விரல்களைப் பார்த்தார்.
நகக்கண்ணில், ரேகையில், கருப்பு.
'இந்தா, சாயம் முக்கின கையி.'

பதினெட்டு வருஷம் அண்டி உடைத்த கை.
தோட்டெண்ணெய் பட்டு வெந்து,
சாம்பல் போட்டும் போகாதது,
கல்யாணத்துக்கு வைத்த மருதாணியையும் தின்றது.
எச்சில் தொட்டு
உள்ளங்கையைத் தேய்த்தேன், அவர் முன்னாலேயே.
தேய்த்தேன்.
தேய்த்துக்கொண்டே இருந்தேன்.
மீன்காரி ஒருத்தி, 'மதி, மக்ளே' என்றாள்.

எட்டு ரூபாய் போட்டார் றசாலம்.
ஒன்பதைக் கொடுத்தேன்.
விரல் தடம் விழுந்ததை
மடியில் வைத்து பஸ் ஏறினேன்.
பாலூர் திருப்பத்தில் குலுங்கியபோதும்
உடையவில்லை.

தை மாதம் முட்டை பெரிசானது, நிறம் வெளுத்தது.
சாயம் பழைய அளவுதான் போலிருக்கிறது,
பரப்ப வேண்டிய இடம் கூடிப்போச்சு.
றசாலத்துக்கு இப்போது இந்த நிறம்தான் நம்பிக்கை,
நாக்கில் விரல் போவதில்லை.
பன்னிரண்டு தருகிறார். எண்ணி வாங்குகிறேன்.

மாசியில் ஆபீஸ் திறக்கும் என்று
மேஸ்திரி வீட்டுக்கு வீடு சொல்லிப் போனான்.
இரவு விளக்கடியில் கூலிச்சீட்டுகளை அடுக்கும்போது
கவனித்தேன்,
நகங்களின் அடியில் புதுசாய் ஒரு கீற்று
ஏறி வருகிறது,
வெள்ளை.