உள்ளே பெருக்குகிறவர்கள்

ஓட்டேரி ஆஸ்பத்திரி, சீட்டு வரிசை.
எனக்கு முன்னால் பதினேழு இருமல்.

"எத்தனை நாளா?" என்றார் டாக்டர் ஷாஹிதா.
போகிக்கு மறுநாள் என்றேன்.
இல்லை, போன மழைக்கும் இருந்தது.
அதற்கு முந்தின மழைக்கும்.
வருஷத்தில் மூன்று மாசம்
ரேஷன் போல வந்துவிடும் என்றேன்.
ரேஷன்கூடச் சில மாசம் வராதே என்றார்.

"பீடி, சிகரெட்?"
நான் இல்லை.
தன்சிங் பிடிப்பான். பத்துக்குப் பத்து அறை.
ஜன்னல் நாலாவைப் பார்த்தது, கொசுவுக்குப் பயந்து மூடியே இருக்கும்.
கட்டிலுக்கடியில் கொசுவர்த்தி.
'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டவர்
பேனாவை அங்கிருந்து எடுக்கவில்லை.

"வேலை?"
ஸ்ட்ராஹன்ஸ் ரோடு, மணிக்கூண்டு வரை,
விடியற்காலை ஐந்தரையிலிருந்து.
லாரிக்குப் பின்னால், பஸ்ஸுக்கு முன்னால்.
போகி விடிந்தால் டயர்ச் சாம்பல்,
தீபாவளி விடிந்தால் வெடிக் காகிதம்.
மாஸ்க் கொடுத்தார்கள்
போட்டோ எடுத்த அன்றைக்கு.

சீட்டைத் திருப்பிப் போட்டு வரைந்தார்:
ஒரு குழாய், இரண்டாகி, நாலாகி, எண்ண முடியாமல்.
"சுவர் பூரா கண்ணுக்குத் தெரியாத பூனைமுடி.
உங்க வேலைதான் அதுக்கும்.
விழுற தூசியைச் சளியில் ஒட்டி
தொண்டைப் பக்கமா தள்ளிக்கிட்டே இருக்கும்.
வைரஸ் வந்தா படுத்துக்கும்,
மூணு வாரத்துல எழுந்துடும்.
புகை தினம் வந்தா எழுந்திருக்காது.
அள்ள ஆளில்லாம தேங்கும்.
தேங்கினதைத் தள்ளத்தான் இருமல்."

ஒரு கேள்வி இருந்தது, கேட்கவில்லை:
உள்ளே பெருக்குகிறவர்கள்
நிரந்தரமா, கான்ட்ராக்டா?

லூர்து சொன்ன சிவப்பு மாத்திரை கேட்டேன்.
இதற்கு அது வேலை செய்யாது என்றார்.
இழுக்கும் மருந்து ஒன்று கொடுத்தார்.
"புகையில்லாத இடமா கொஞ்ச நாள் இருங்க."
சொல்லிவிட்டு அவரே வெளியே பார்த்தார்.
ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் இரண்டு தரம் இருமினேன்.
ஜன்னலோரச் சீட்டு காலியானது.
பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.

சீட்டின் பின்பக்கத்தைப் பார்த்து
என்ன மரம் இது என்றான் தன்சிங்.
நம்ம ரோடு என்றேன்.
அவன் பீடியை அணைக்கவில்லை.
வாசலுக்கு எடுத்துப் போனான்.

ஜன்னலைத் திறந்தேன்.
முதலில் நாலா வந்தது,
அப்புறம் கொசு,
அதற்கும் பின்னால், கொஞ்சம்போல,
காற்று.