இருபது லிட்டர்

திங்கட்கிழமை நகராட்சி தருவது
இருபது லிட்டர் பெட்ரோல்.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.
பள்ளிப் படகு பிள்ளைகளை ஏற்றிவரும்.
என் படகு
வராதவர்களைத் தேடிப் போகும்.
இந்த வேலைக்கு நீளமாய் ஒரு பெயர் உண்டு,
அடையாள அட்டையில் இரண்டு வரி.
ஆற்றோரத்துச் சனங்கள் சுருக்கிவிட்டார்கள்:
"ஆள் பிடிக்கிறவள் வருகிறாள்."

இந்த வாரம் மூன்று பெயர்கள்.
க்ளெய்டிசன், ஆறாம் வகுப்பு, பதினெட்டு நாள்.
ஜோசிவால்டோ, எட்டாம் வகுப்பு, பதினோரு நாள்.
தைனாரா, ஒன்பதாம் வகுப்பு. ஆறு நாள்தான்,
ஆனால் கடைசியாய் வந்த அன்று
தன் மேசைக்கடியில் ஒட்டியிருந்த
சூயிங்கத்தைக்கூடச் சுரண்டி எடுத்திருக்கிறாள்.
திரும்பி வருகிறவர்கள்
அவ்வளவு சுத்தம் பார்ப்பதில்லை.

ஆகஸ்டில் தீவெங்கும் அசாயி பழுக்கும்.
பழம் கறுக்கக் கறுக்க
வகுப்பில் பெஞ்சு வெளுக்கும்.

க்ளெய்டிசன் வீட்டில் நாய் மட்டும் இருந்தது.
பெலெங் நகரத்துக்குப் போய்விட்டார்களாம்.
எந்தத் தெரு என்றேன்.
பக்கத்து வீட்டுப் பெண் தோளைக் குலுக்கினாள்.
அந்தத் தோள் குலுக்கலுக்கு
ஒன்பது லிட்டர்.

ஜோசிவால்டோ மரத்தில் இருந்தான்.
காலில் சாக்கைத் திரித்த தளை,
இடுப்பில் கத்தி, பழக்குலை தோளில்.
மூங்கில் பருமன்தான் மரம்;
அவன் பாரத்துக்கு வளைந்து
பக்கத்து மரத்திடம் அவனை நீட்டியது.
இறங்காமலே மாறிக்கொண்டான்.
வளர்ந்த ஆளை இந்த மரம் தாங்காது.
அதற்குத்தான் பதினான்கு வயது.

"இறங்கி வா, பேசணும்."
"இங்கேயே கேட்குது."

அண்ணாந்து சொன்னேன்.
அறுவடை முடிகிறவரை வாரத்தில் மூன்று நாள் போதும்,
தலைமையாசிரியை ஒப்புக்கொண்டாயிற்று.
விட்ட பாடத்துக்குச் சாயங்காலம் கூட உட்கார ஆள் இருக்கிறது.
வருகை இருந்தால் உதவித்தொகை நிற்காது.
மதியம் சோறு, பீன்ஸ், சில நாள் மீன்.

மேலே கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு கணக்கு இறங்கி வந்தது:
நாளுக்கு ஐந்து கூடை,
மூன்று நாளைக்குப் பதினைந்து,
வியாபாரி படகில் கூடைக்கு இன்ன விலை,
எங்கள் தொகை அதில்
நாலு கூடைக்குக்கூடக் காணாது.
தாள் இல்லை, பென்சில் இல்லை,
ஒரு கை மரத்தில்.
தப்பு இருக்குமா என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தேன்.
இல்லை.

போன வருஷம் அவன் தோற்ற பாடம்
கணக்கு.

கொண்டுபோன நோட்டைப் பாலிதீனில் சுற்றி
கூடைமேல் வைத்துவிட்டுத் திரும்பினேன்.
வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வியாழக்கிழமைப் படகில் அவன் வரவில்லை.
நோட்டு வந்தது, தங்கையின் பையில்.
நாலு கணக்கில் மூன்று சரி.
பக்கமெல்லாம் ஊதா விரல்கள்.
நாலாவதன் கீழே எழுதியிருந்தான்:
"இது புரியல. மழை பெஞ்சா செவ்வாய் வரேன்."
மழையில் மரம் வழுக்கும்.

பதிவேட்டில் ஒரு பெயருக்கு
வந்தான், வரவில்லை, இரண்டே கட்டம்.
நடுவில் பென்சிலால் ஒரு கோடு போட்டு
இன்னொன்று உண்டாக்கினேன்.
இவனேட்டி டீச்சர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"மேலே கேட்டால் என்ன சொல்ல?" என்றார்.
அழி என்று சொல்லவில்லை.

டேங்கை ஆட்டிப் பார்க்கிறேன்.
மூன்று லிட்டர் இருந்தால் அதிகம்.
தைனாரா வீட்டுக்குப் போய்வர ஆறு வேண்டும்.
வற்றத்தோடு இறங்கினால்
இதிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம்.
திரும்புவதற்கு
ஏற்றம் வரும்வரை காத்திருக்கணும்,
அவள் வீட்டுப் படகுத்துறைப் பலகையில்,
ஆறு மணி நேரம்.
அத்தனை நேரம் ஒருத்தியை உட்கார வைத்துவிட்டு
எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருப்பாள்.