பென்சில் புள்ளிகள்

உட்காருங்கள்.
அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும்.
கோட்டைக் கழற்றாதீர்கள்,
லிமெரிக்கில் ஜூன் மாதத்துக்கும் குளிர் காய வேண்டும்.
டப்ளினிலிருந்து ரயிலேறி வந்தவர்களில்
நீங்கள் மூன்றாவது ஆள்.
முன்பு வந்தவர்
மூடுபனி எதன் குறியீடு என்று கேட்டார்.
ஆற்றிலிருந்து எழுகிறது, காலுறையை நனைக்கிறது,
அதற்குமேல் அது எனக்கு எதையும் சொன்னதில்லை என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார்.

என் அண்ணன் ஃபெர்கஸ் ஹனட்டி
எரிவாயுக் கம்பெனியில் மீட்டர் பார்த்தவன்.
பதினோரு வருஷம்.
ஒவ்வொரு வீட்டிலும் படிக்கட்டுக்கு அடியில் குனிந்து
எண்ணைக் குறித்துக்கொண்டே
தலைக்குமேல் நடப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பான்.
யார் யாருடன் பேசுவதில்லை,
எந்த வீட்டில் அடுப்பே எரியாமல் ஒரு மாதம் ஓடியது,
பன்றிக்கறி ஆலைக் கணக்கரின் மனைவி
எதற்காகத் தனியே சிரித்தாள்,
எல்லாம் கம்பெனித் தாளின் முதுகில் ஏறின.
முன்பக்கம் கன அடி.
பின்பக்கம் ஜனங்கள்.

கடைசியில் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
ஒரே வாக்கியம்.
அதைத்தானே புரட்சி என்கிறீர்கள்?
அவன் பேச்சே அப்படித்தான் ஐயா.
சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்க ஆரம்பித்தால்
உப்பு வந்து சேர்வதற்குள் உருளைக்கிழங்கு ஆறிவிடும்.

இருநூற்று ஆறாம் பக்கத்தில்
நான் ஆற்றில் மூழ்கிச் சாகிறேன்.
பெயரை மாற்றியிருந்தான், தொப்பியை மாற்றவில்லை.
தடை விழுமுன்பே மூன்று பிரதிகள் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டன.
திருமதி குயின்லிவன் கதவைத் தட்டினாள்,
கையில் கேக்கோடு.
தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்,
நனைந்திருக்கிறேனா என்று.
ஞாயிற்றுக்கிழமை பாதிரியார்
புத்தகத்தின் பெயரைச் சொல்லவில்லை.
எல்லோரும் என் முதுகையே பார்த்தார்கள்.

அப்போது அவன் லிஸ்பனில்,
கப்பல் குமாஸ்தாக்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு.
இரண்டாவது நாவல் நடக்கிறது என்று கடிதம் வரும்,
கீழே, கம்பளிக் காலுறை கேட்டு ஒரு வரி.
காலுறை அனுப்பினேன்.
நாவல் வரவில்லை.
ஒரு பெட்டி வந்தது:
சலவைக்காரியின் பாக்கிச் சீட்டு,
கல்லாய் உலர்ந்த ஒரு எலுமிச்சை,
முத்திரை குத்திய மரணச் சான்று.
தொழில்: ஆசிரியர்.

அன்று இரவுதான் முதல்முறையாகப் படித்தேன்.
பத்தாம் பக்கத்தில் மூச்சு முட்டியது.
எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பலவீனமான நெஞ்சு.
பென்சிலை எடுத்தேன்.
மூச்சு வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு புள்ளி.
பள்ளியில் ஐரிஷ் எழுதும்போது
மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைப்போம்,
வைத்தால் ஓசை இளகும்,
சில எழுத்து ஊமையாகிவிடும்.
அந்தக் கைப்பழக்கம்தான்.

ஆம், பிரதி இருக்கிறது.
தர மாட்டேன். பார்க்கலாம்.
கையைத் துடைத்துக்கொள்ளுங்கள், வெண்ணெய்.

இதோ, இருநூற்று ஆறு.
தொப்பி கழன்று மிதக்கிறது, அன்னங்கள் விலகுகின்றன,
பாலத்தின்மேல் மீட்டர்காரன்
நோட்டுப் புத்தகத்தைத் திறந்து
நீர்மட்டத்தைக் குறிக்கிறான்,
குதிக்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை,
குறித்துக்கொண்டே இருக்கிறான்

இந்தப் பக்கத்தில் புள்ளியே இல்லை, கவனித்தீர்களா?
ஏன் என்று கேட்காதீர்கள்.
பென்சில் முனை மழுங்கியிருக்கலாம்.

தேநீருக்கு வைத்தது இன்னும் கொதிக்கவில்லை.
பாருங்கள், சுடர் சுருங்குகிறது.
மீட்டருக்குப் பசி.
உங்களிடம் ஒரு ஷில்லிங் இருக்குமா?