ஐவி அறுக்கும் சனிக்கிழமை

சியாட்டில். நவம்பர்.
மேப்பிளின் கழுத்துவரை ஏறிய ஐவிக்கொடியை
இடுப்பளவில் சுற்றி அறுக்கிறோம்.
மேலே இருப்பதை இழுக்காதீர்கள்,
பட்டையும் கூடவே வரும் என்கிறாள் மாரித்.
நின்றபடியே காயட்டும் அது.

வேர் தோண்டிய தெஸ்பலெம் கையில்
ஒரு கரண்டி, கூடாரத்து முளை,
குழந்தைக் காலுறை ஒன்று.
போன கோடையில் இங்கே குடியிருந்திருக்கிறார்கள்.
யார் கிளப்பியது என்று ஒருவரும் கேட்கவில்லை.
அவன் காலுறையைப் பிழிந்தான்.
சேறு வடிந்தது, பிறகு வெறும் தண்ணீர்.
பிறகும் பிழிந்தான்.

இந்தச் சரிவுக்கு மாரித்தின் தாளில்
பன்னிரண்டு பெரணி, ஒரு செடார்.
பதினொன்றுதான் நட்டோம்.
செடாரையும் சற்றுத் தள்ளி வைத்தோம்,
நடுவில்
ஒன்றரை ஆள் கால்நீட்டிப் படுக்கும் இடம் விட்டு.

கையுறையைப் பல்லால் கழற்றி
மாரித் எழுதினாள்: பன்னிரண்டு.

மிச்சம் ஒன்றைப்
பேருந்தில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தேன்.