மூணாவது சரணத்தில் நீலக் கதவு

துளசிமணியின் குரலை எனக்குத்
திருகுகளாகத்தான் தெரியும்.
பேஸ் நாலு, ட்ரெபிள் ஆறு, எக்கோ சுழி.
"எக்கோ வேண்டாங்ண்ணா,
சொன்னதையே திருப்பிச் சொல்ல
நானென்ன கட்சிக்காரனா?"

வெள்ளகோவிலில் மைக்செட் கடை எனக்கு.
முத்தூர், மூலனூர், சென்னிமலை, சிவகிரி.
பதினேழு வருச நோம்பிக்கும்
என் மெட்டடார் வேனில்,
குழாய் ஸ்பீக்கர்களுக்கு நடுவே
கால் நீட்ட இடமில்லாமல் வந்தாள்.
கும்மிக்கு நூற்றைம்பது,
மாவிளக்குக்கு இருநூறு,
விடிய விடிய என்றால் இரண்டு வேளைச் சோறும்.

கன்னிவாடிப் பக்கம் ஒரு கல்யாணச் சீர்.
யார் கட்டியதோ, எல்லோரும் பாடுகிற வாழ்த்து.
'கட்டுன கைக்குக் கட்டுப்பட்ட கறவை'
என்று பெண்ணைச் சொல்லும் வரி வரும்.
நூறு பந்தலில் பாடியதுதான்.
அன்றைக்கு அந்த இடத்தில்
மீட்டர் முள் விழுந்து எழுந்தது.
'கட்டுன கையைக் கணக்குக் கேட்பா கண்ணாட்டி'
என்று பாடிவிட்டு
அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.
பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.
ஒருவருக்கும் காதில் விழவில்லை.
மணப்பெண் மட்டும்
மாலைக்குள்ளிருந்து தலையைத் தூக்கினாள்.

திரும்பும்போது என் பேனாவை வாங்கி
கேசட் அட்டையின் பின்னால் ஏதோ எழுதினாள்.
பேனா இன்னும் வரவில்லை.

மேடை குறைந்தது.
தொண்டை போச்சென்று ஊர் பேசியது.
ஒன்றும் போகவில்லை.
அவள் பால்காரனைக் கூப்பிட்டால்
அடுத்த தெருப் பால்காரனும் வண்டியை நிறுத்துவான்.

எழுதினாள்.
ஆயிரம் அடியிலும் புழுதி பறந்த வருசம்
போர்வெல் கம்பெனிக்கு ஒரு பாட்டு.
தேர்தலில் இரண்டு கட்சிக்கும் ஒரே மெட்டு,
சின்னம் மட்டும் வேறு.
பஸ் ஸ்டாண்டில் இரண்டு ஆட்டோவும்
எதிரெதிரே மாட்டிக்கொண்டபோது
ஒட்டுக்காப் பாடின, சுருதி பிசகாமல்.
முருங்கை மண்டிக்காரர்
ஆயுத பூசைப் பாட்டுக்குக் காயாகவே கூலி கொடுத்தார்.
எங்கள் வீட்டிலும் ஒரு வாரம் அதே குழம்பு.

அப்புறம் அந்த ரெண்டாம் ஷிப்டுப் பாட்டு.
பனியன் கம்பெனி வேன்
பன்னிரண்டரைக்கு இறக்கிவிட்ட பெண்
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
நாயை எழுப்பாமல் வீடு சேருகிற பாட்டு.
ஈரோட்டுக் கம்பெனி வாங்கியது.
பாடியது வேறொரு பெண்;
நன்றாகத்தான் பாடினாள், எக்கோ நிறைய.
கோபியிலிருந்து பொள்ளாச்சி வரை
குழாய் கட்டிய இடமெல்லாம் அதையே கேட்டார்கள்.
அட்டையில் எழுதியவர் பெயருக்கு நேரே
'பாரம்பரியப் பாடல்'.

"ஊரே எழுதுனதுன்னு நெனச்சுட்டாங்க,
இதைவிடப் பெருமை என்ன அம்மணி"
என்றேன், பெரிய மனசாக.
"பெருமை சரிங்ண்ணா.
பேசுன எட்டாயிரம்?"

போனோம்.
ஆதாரம் கேட்டார் கம்பெனிக்காரர்.
"மூணாவது சரணம் போடுங்."
போட்டார்.
'மூணு சந்து தாண்டி, சாஞ்ச வேம்பு தாண்டி
நீலக் கதவுல கெழக்கால ஒரு ஓட்டை.'
"அந்த ஓட்டைக்குள்ளதானுங்
எங்கூட்டுச் சாவி தொங்கும்.
வாங்க, கையை உட்டுப் பாருங்."

அவர் வரவில்லை. ஆறாயிரம் கொடுத்தார்.
மீதிக்கு மாசாமாசம் போன் போடுகிறாள்.
வந்த பணத்தில் முதல் காரியமாகக்
கதவை மாற்றினாள்.
இரும்பு. பச்சைப் பெயிண்ட்.
"சாவி எங்கிருக்குன்னு
ஊருக்கே தெரிஞ்சு போச்சுங்ண்ணா."

இந்த வருச நோம்பிக்கு
ராட்டினத்துக்காரன் அந்தப் பாட்டைத்தான் கேட்டான்.
கடலை வண்டியோரம் நின்று
உரித்துத் தின்றுகொண்டிருந்தாள் துளசிமணி.
மேலே ஏறிப்போன தொட்டிலிலிருந்து
நாலு பெண்கள் நீலக் கதவை ஒரே குரலில் கத்தினார்கள்.
அவள் அண்ணாந்து பார்க்கவில்லை.
என்னைப் பார்த்துக் கையைத் தாழ்த்தினாள்,
ட்ரெபிளைக் குறைக்கச் சொல்லி.
குறைத்தேன்.
இன்னும், என்றாள்.