முந்நூற்றைம்பதில் ஒன்று

பழம்பொருள் கடையில் பதினெட்டு பிராங்குக்குக் கிடைத்தது.
மூடியில் கப்பலின் பெயர் இருந்த மூலை
ஈரத்தில் உரிந்து போயிருந்தது.
உள்ளே சாம்பல் நிறத் துண்டுகள், ஆயிரத்துச் சொச்சம்.
குலுக்கினால் பாசிப்பயறுச் சத்தம்.

யாரோ தொடங்கிவிட்டு விட்டிருக்கிறார்கள்.
இடப்பக்க உடலும் வலப்பக்க உடலும்
ஏற்கெனவே ஒட்டியிருந்தன,
கொஞ்சம் கோணலாக.

நான் பல் கட்டுகிறவள்.
ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
மூன்றாம் மாடியில் உட்கார்ந்து
முகம் தெரியாத வாய்களுக்குக்
கடைவாய்ப் பல் செய்து அனுப்புகிறேன்.
மயிரிழை உயர்ந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும்.
அந்தக் கோணல் என்னைத் தூங்கவிடவில்லை.

உப்புத்தாளை நனைத்துக்கொண்டு விளக்கைச் சரித்தபோது,
நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே
பசையில் அழுந்தி இறுகிப்போன
ஒரு கட்டைவிரல் ரேகை.

கணக்குப் போட்டேன்.
இரண்டு சென்டிமீட்டர், முந்நூற்றைம்பது மடங்கு:
ஏழு மீட்டர் அகலத்தில் ஒரு விரல்
கப்பலின் விலாவைத் தொட்டிருக்கிறது.
அந்தக் கணக்கில்
என் தலைமயிர் துறைமுக வடம்.
சம்பா அரிசி ஒன்று, காலை நீட்டிப் படுத்த ஆள்.
என் தும்மலுக்கு
வானிலை அறிக்கையில் பெயர் வைப்பார்கள்.

ரேகையைச் சுற்றி மட்டும் தேய்த்தேன்.

"கடலே இல்லாத நாட்டில் இது எதற்கு?"
தயாபரன் கேட்டார்.
பல்லே இல்லாத வாய்க்குத்தானே
நானும் வேலை செய்கிறேன் என்றேன்.
அவருக்கு வேறு கோபம்.
இந்த வீட்டில் ஒரு மீட்டர் நீளம்
தடையில்லாமல் கிடக்கும் இடம் இஸ்திரிப் பலகை மட்டும்.
ஐப்பசியிலிருந்து சட்டைகள் கசங்கியே வேலைக்குப் போகின்றன.

பித்தளைத் தடுப்புக் கம்பிகளுக்கு
ஆய்வுக்கூடத்து இடுக்கி.
தளத்தின் இடுக்குகளுக்குப் பல் குத்தும் ஊசி.
எண்ணை ஒட்டலாமென்று
மஞ்சளேறிய ஒட்டுப்படத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டேன்;
பால் ஆடைபோலச் சுருங்கி
ஏழெட்டாய்க் கிழிந்தது.
பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.
எந்த நாட்டுடையது என்று இனி யாரும் கேட்க முடியாது.

விமானங்கள் இருபத்துநான்கு.
இறக்கை மடித்தபடி, குளிருக்குக் கை கட்டியவர்கள்போல.
இருபத்துமூன்றாவது இடுக்கியிலிருந்து எகிறியது.
மொத்தக் கூட்டத்தில் உண்மையாகப் பறந்தது
அது ஒன்றுதான்.
டார்ச்சோடு மண்டியிட்டேன்.
தூசி உறிஞ்சியின் பையைச் செய்தித்தாளில் கொட்டிப் பிரித்தேன்.
உளுந்து இருந்தது,
போன வருடத்துத் தோட்டின் திருகாணி இருந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில்
பல் செய்யும் பிசினில் ஒன்று செதுக்கினேன்.
நிற அட்டையில் ஏ இரண்டு:
ஓல்டனில் பாதிப் பேர் சிரிக்கும் நிறம்.
வண்ணம் பூச மனம் வரவில்லை.
சாம்பல் வரிசையில் அது மட்டும்
விழுந்து முளைத்ததுபோல நிற்கிறது.

கார்த்திகை மூடுபனி ஆரே ஆற்றை எடுத்துக்கொண்டது,
பிறகு பாலத்தை,
பிறகு எதிர்வீட்டுச் சமையலறை விளக்கை.
சன்னலோரம் நகர்த்திய கப்பலுக்கு
முன்னால் எதுவுமே இல்லாமல் போனது.
அப்போதுதான் அழைப்புமணி.

ஃப்ராவ் நுஸ்பௌமர், கீழ்வீடு.
பெயின்ட் நாற்றம், இரவு பத்துக்குப் பிறகு இயந்திரச் சத்தம்,
வீட்டு விதிகள் நான்காம் பக்கம்.
சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர்
சொல்லிமுடிக்காமல் குனிந்தார்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
பல் நிற விமானத்தில் அவர் பார்வை நிற்கவில்லை.
ரேகையையும் காணவில்லை.
தளத்தை முனையிலிருந்து முனைவரை நடந்துவிட்டு,
கண்களால்தான்,
"ஆட்கள் எங்கே?" என்று கேட்டார்.

பெட்டிக்குள் இருக்கிறார்கள்.
நூற்றிருபது பேர், அரை அரிசி உயரம்,
உச்சந்தலையில் சட்டத்தோடு ஒட்டியபடி.

இன்னும் வெட்டவில்லை, என்றேன்.